வீட்டு கம்ப்யூட்டரில் ஏஐ படம், வீடியோ உருவாக்க விராம் (கிராஃபிக்ஸ் கார்டிலேயே உள்ள மெமரி) எவ்வளவு இருந்தால் போதும்? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

முதலில் விராம், அப்புறம்தான் வேகம். படம் உருவாக்கும் எஸ்டிஎக்ஸ்எல் மாடலின் கோப்பு கிட்டத்தட்ட 7 ஜிபி. 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060-இல் 1024×1024 படம் தாராளமாக வரும். ஃப்ளக்ஸ் டெவ் என்ற மாடலில் 1200 கோடி பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்). ஒன்றுக்கு 2 பைட் என்று கணக்குப் போட்டால் 24 ஜிபி, ஒன்றுக்கு 1 பைட் எடுக்கும் எஃப்பி8-இல் பாதி. அதுபோக, நாம் எழுதும் விவரணையைப் படிக்கும் டி5 என்கோடர் எஃப்பி8-இலேயே 5 ஜிபி கேட்கும். 12 ஜிபி கார்டுக்கு இன்னும் சுருக்கி ஏறக்குறைய 7 ஜிபி வரும் க்யூ4 ஜிஜியூஎஃப் கோப்புதான் சரி.

---

மாடல் விராமில் அடங்கவில்லை என்பதே பலருக்குத் தெரிவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் விராம் நிரம்பினால் என்விடியா டிரைவர் எரர் காட்டாமல் மிச்சத்தை சிஸ்டம் ராமுக்குத் தள்ளிவிடும். படம் பல ஸ்டெப்களாகத்தான் உருவாகும்; நொடிகளில் முடிந்த ஒரு ஸ்டெப் நிமிடக்கணக்கில் இழுக்கும். டாஸ்க் மேனேஜரில் ‘ஷேர்டு ஜிபியு மெமரி’ ஏறுகிறதா பாருங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில், இப்படி ராமுக்குத் தள்ளும் சிஸ்மெம் ஃபால்பேக்கை நிறுத்தினால் நேரடியாக ‘அவுட் ஆஃப் மெமரி’ வரும். எங்கே இடிக்கிறது என்று அப்போதுதான் புரியும். எல்லா ஸ்டெப்பும் ஓடி, கடைசியில் படம் வரும் நேரத்தில் எரர் வந்து நின்றால், மாடலின் கணக்கைப் படமாக மாற்றும் விஏஇ டிகோட்தான் காரணம். அதைத் துண்டு துண்டாகச் செய்யும் டைல்டு விஏஇ போடுங்கள்.

---

வீடியோவுக்கு கார்டு மட்டும் பார்த்தால் போதாது. வான் 2.2 என்ற வீடியோ மாடலின் 14பி (1400 கோடி பாராமீட்டர்) வகையில் இரண்டு மாடல்கள், எஃப்பி8-இல் தலா 14 ஜிபி. முதல் பாதி ஸ்டெப்களை ஒன்று செய்யும், மீதியை மற்றொன்று. காத்திருக்கும் மாடல் ராமில்தான் கிடக்கும். 64 ஜிபி ராம் வைத்துக்கொள்ளுங்கள். 32 ஜிபியில் இடம் போதாமல் டிஸ்க்கில் உள்ள பேஜ்ஃபைலுக்குப் போய், மாடல் மாறும்போதெல்லாம் மெஷின் திணறும். 81 ஃப்ரேம், நொடிக்கு 16 என்றால் 5 நொடி வீடியோ. ஃப்ரேம் எண்ணிக்கை 4-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருக்கட்டும். 480பி-யில் அசைவு சரியாக வந்த பிறகே 720பி.

---

பழைய ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு வாங்குவோர் கவனிக்க: 24 ஜிபி விராமில் பாதி சிப்கள் போர்டின் பின்பக்கம், ஃபேன் காற்று படாத இடத்தில். வெப்பநிலை காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து, அரை மணி நேரம் தொடர்ந்து படம் ஓட்டி, மெமரி ஜங்ஷன் (மெமரி சிப்களின் உள்) வெப்பத்தைப் பாருங்கள். 110 டிகிரியைத் தொட்டால் வேகம் விழும். சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேட் காய்ந்திருக்கலாம். பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கினாலும் வேகம் பெரிதாகக் குறையாது. எஃப்பி8 இந்த கார்டில் இடத்தை மட்டுமே மிச்சப்படுத்தும். எஃப்பி8 கணக்கை ஹார்ட்வேரிலேயே செய்வது ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்துதான்.

---

ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு வாங்கி ‘நோ கெர்னல் இமேஜ்’ என்று எரர் வந்தால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மாடலை ஓட்டும் பைடார்ச் மென்பொருள் பழையது. என்விடியாவின் குடா 12.8-க்கான பைடார்ச் பதிப்பை, 2.7 அல்லது அதற்கு மேல், போட்டால் ஓடும்.