புதுப்பிப்பு: பதிப்புரிமைக் கொள்கை வேலையில் சேர்ந்துவிட்டேன்

செயற்கை நுண்ணறிவு, பதிப்புரிமை பற்றிய அரசுக் கொள்கைக் குழுவில் வேலை கிடைத்திருக்கிறது, சட்டம் படிக்காத நான் சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

சட்டம்கூடப் பழகிவிட்டது; சொற்கள்தான் உயிரை வாங்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பதிப்புரிமை உத்தரவுப்படி, உரிமையாளர் மறுக்காதவரை அவர் இணையத்தில் வெளியிட்ட படைப்பைத் தரவு அகழ்வுக்கு (கணினியால் படைப்புகளை மொத்தமாக அலசித் தகவல் எடுப்பதற்கு) நகலெடுக்கலாம். அந்த மறுப்பு ‘இயந்திரம் படிக்கக்கூடிய’ விதத்தில், அதாவது மென்பொருள் தானே கண்டறியும்படி, இருக்க வேண்டுமாம். சரி, ஓவியத்தை வேறொருவர் தன் தளத்தில் போட்டிருந்தால் ஓவியர் எங்கே போய் மறுப்பு எழுதுவார்? நேற்று இதிலேயே இரண்டு மணி நேரம் போனது. ஜப்பானின் 2018 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தில் இப்படி மறுக்கும் வழியே இல்லை.

அப்புறம், படைப்பாளிகள் பக்கமா, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் பக்கமா என்று கேட்டவர்களுக்கு: என் முதல் வரைவை இரு தரப்புமே திட்டிவிட்டார்கள்.