கிடப்பில் போன காசு: வன்னியில் தேடி எடுக்கிறவைக்கு

(ஒவ்வொரு பகுதிக்கும் மேல இருக்கிறது எழுதினவரின்ர புனைபெயர்.)

கண்டாவளை:

போரில இடம்பெயர்ந்த சனத்தின்ர, வங்கியிலும் நிதியங்களிலும் கிடக்கிற காசைத் தேடி எடுக்கிற வழியைக் கதைப்பம். முதலில வங்கிக் கணக்கு. இலங்கையின்ர 1988ஆம் ஆண்டு 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தில ஒரு பகுதி இருக்கு. உரியவர் 10 வருசம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை, வங்கியோட கடிதத் தொடர்பும் இல்லையெண்டால் அந்தக் காசு ‘கைவிடப்பட்ட ஆதனம்’ ஆகி மத்திய வங்கிக்குப் போகும். வங்கி தானாப் போடுற வட்டி, உரியவர் கணக்கைத் தொட்டதா எடுபடாது. இப்ப எங்கட கணக்கைப் போட்டுப் பாருங்கோ. 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் புத்தகத்தை விட்டுட்டு ஓடின சனத்தின்ர கணக்குகளுக்கு 2019இலேயே பத்து வருசம் முடிஞ்சுது.

உடன பயப்பிட வேண்டாம். காசு மத்திய வங்கிக்குப் போனாலும் உரிமை போகாது. ஆனால் கேட்கிற இடம் மத்திய வங்கி இல்லை, கணக்கு இருந்த அதே வங்கிதான். அவை ஆளைச் சரிபார்த்து, மத்திய வங்கியிட்ட திருப்பி வாங்கித்தான் தருவினம். அதாலதான் சாதாரணமா எடுக்கிறதைவிட நாள் கூடப் போகுது. கவுண்டரில நிக்கிற பிள்ளை ‘கணக்கு இல்லை’ எண்டு சொன்னால், நடப்புக் கணினித் திரையில இல்லையெண்டுதான் அர்த்தம். “கைவிடப்பட்ட கணக்குப் பட்டியலில பாருங்கோ” எண்டு அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கோ. முகாமையாளரையோ இரண்டாம் அலுவலரையோ பார்த்தால் இன்னும் நல்லம்.

மல்லாவி அக்கா:

அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். பழைய கணக்கு எண்டால் 1990க்கு முந்தினதைத்தான் சனம் நினைக்குது. இங்க கூடுதலாக் கிடக்கிறது அதில்லை. சமாதான காலத்தில, 2002இல ஏ9 வீதி திறந்து 2006 ஓகஸ்டில மூடுறதுக்கிடையில திறந்த கணக்குகள் ஒரு தொகுதி. மீள்குடியேற்றத்தில கொட்டில் போடத் தந்த 25,000 ரூபாக்காகத் திறந்தது இன்னொரு தொகுதி: 5,000 கையில, மிச்சம் 20,000 வங்கியில. அடுத்தது இந்திய வீட்டுத்திட்டம். 5,50,000 ரூபாயும் தவணை தவணையாக் கணக்குக்குத்தான் வந்தது. வீடு முடிய ஆயிரமோ இரண்டாயிரமோ மிஞ்சியிருக்கும், பிறகு ஆரும் அந்தப் பக்கம் போகேல்லை. இதுகளுக்கும் பத்து வருசம் நிறையுது, சிலதுக்கு நிறைஞ்சும் போச்சு. நிறையாததில நூறு ரூபா போட்டுவிட்டால் கடிகாரம் திரும்ப முதலில இருந்து ஓடும்.

பிள்ளையளின்ர பேரில திறந்த சேமிப்பு உண்டியல் கணக்குகளையும் மறக்க வேண்டாம். பிறந்த உடன திறந்த பிள்ளைக்கு இப்ப இருபத்தஞ்சு வயசு, தாய்க்கே ஞாபகமிராது.

முறிகண்டி:

புத்தகமும் இல்லை, கணக்கு எண்ணும் தெரியாது, வங்கி மட்டும் தெரியும். அப்படியெண்டால் என்ன செய்யலாம்?

கண்டாவளை:

தம்பி, எண் இல்லாமலும் தேடலாம். ஆனால் வெறுங்கையோட போகக்கூடாது. ஒரு தாளில இவ்வளவும் எழுதிக்கொண்டு போங்கோ: கணக்குத் திறந்த காலத்தில அடையாள அட்டையில இருந்த பெயர், பழைய அட்டை எண், அப்ப இருந்த விலாசம், உத்தேச வருசம், தகப்பன் பெயர், பெண்ணெண்டால் கலியாணத்துக்கு முந்தின பெயரும். கிளை இடம் மாறியிருந்தால் இப்ப பொறுப்பா இருக்கிற கிளை எதெண்டு கேளுங்கோ. புத்தகம் துலைஞ்சதுக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி கேட்பினம், அதை முதலே எடுத்துவையுங்கோ.

அடையாள அட்டை எண்ணில ஒரு சின்ன வித்தை இருக்கு. பழைய அட்டையில 9 இலக்கமும் கடைசியில வி அல்லது எக்ஸ் எழுத்தும். புதுசில 12 இலக்கம். பழைய எண் 853400937வி எண்டு வையுங்கோ. முன்னுக்கு 19 போட்டு, முதல் ஐஞ்சு இலக்கத்தை அப்படியே எழுதி, அடுத்ததா ஒரு பூச்சியம் போட்டு, மிச்ச நாலையும் எழுதி, எழுத்தை விட்டுவிட்டால் 198534000937. ஆள் ஒண்டுதான், ஆனால் கணினியில புது எண்ணைத் தட்டினால் பழைய பதிவு வராது. இரண்டையும் தட்டச் சொல்லுங்கோ. ‘இல்லை’ எண்டு திருப்பி அனுப்பின சில பேருக்கு வராமப் போன காரணம் இவ்வளவுதான்.

வவுனியாக் கணக்கு:

ஊழியர் சேமலாப நிதியம் (ஈபிஎஃப்), ஊழியர் நம்பிக்கை நிதியம் (ஈரிஎஃப்) இரண்டும் பற்றி எழுதுகிறேன். வங்கிக் கணக்கைவிட இதில்தான் பெரிய தொகை கிடக்கிறது என்பது என் எண்ணம்.

மாதச் சம்பளம் 30,000 என்றால், தொழிலாளியிடம் 8 வீதமாக 2,400 கழிப்பார்கள். முதலாளி 12 வீதமாக 3,600 சேர்ப்பார். இரண்டும் சேர்த்து 6,000 ஈபிஎஃப்புக்கு. அதற்கு மேல் முதலாளி தன் காசில் 3 வீதம், அதாவது 900, ஈரிஎஃப்புக்குக் கட்டவேண்டும். மேலதிக நேரக் காசுக்கு இது வராது. இரண்டு வருடம் கார்மெண்டில் (ஆடைத் தொழிற்சாலையில்) நின்று விலகிய பிள்ளைக்கு வட்டி இல்லாமலே கணக்குப் பார்த்தால் ஈபிஎஃப் 1,44,000, ஈரிஎஃப் 21,600. “கொஞ்ச நாள்தானே நின்றேன்” என்று விட்டுவிடுகிற தொகையா இது?

ஈபிஎஃப்பை ஆண்கள் 55, பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். அதற்கு முன் எடுப்பதற்கும் காரணங்கள் உண்டு: பெண்கள் திருமணத்தால் வேலையை விடுவது, நிரந்தரமாக வெளிநாடு போவது, நிரந்தர இயலாமை, ஓய்வூதியம் உள்ள அரச வேலை கிடைப்பது. கார்மெண்டை விட்டு ஆசிரியராகவோ அலுவலராகவோ போனவர்கள் இந்தக் கடைசிக் காரணத்தைக் கவனிப்பதே இல்லை. ஈரிஎஃப்புக்கு வயது பார்ப்பதில்லை. வேலையை விட்டாலே எடுக்கலாம், அடுத்த முறை எடுக்க ஐந்து வருடம் பொறுக்கவேண்டும்.

உறுப்பினர் உயிரோடு இருந்தால் ‘கே’ படிவம், இறந்திருந்தால் உரித்தாளிகளுக்கு ‘எல்’ படிவம். இரண்டையும் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். ‘பி’ அட்டை (ஈபிஎஃப் உறுப்பினர் அட்டை), அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி இவற்றோடு நேரில் போவது நல்லது. ஈரிஎஃப் தனிச் சபை, தனி விண்ணப்பம். ஒன்றைக் கொடுத்தால் மற்றதும் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள்.

பிழைக்கிற இடங்கள் மூன்று. ஒன்று, ஒவ்வொரு கம்பனிக்கும் உறுப்பினர் எண் வேறு. மூன்று இடத்தில் வேலை செய்தவருக்கு மூன்று எண் இருக்கும், மூன்றையும் விண்ணப்பத்தில் எழுதவேண்டும். இரண்டு, இடம்பெயர்ந்து அடையாள அட்டை இல்லாத நாட்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் பதிவில் அட்டை எண் இடம் வெறுமையாக இருக்கும், ஆகவே அட்டை எண்ணால் தேடினால் வராது. சம்பளச் சிட்டை ஒன்று போதும், அதில் முதலாளி எண்ணும் உறுப்பினர் எண்ணும் அச்சாகியிருக்கும். தகரப்பெட்டிக்குள் கிடக்கிற மடித்த சிட்டைகளை எரிக்கவேண்டாம். மூன்று, சிட்டையில் கழித்திருப்பார்கள், நிதியத்துக்குக் கட்டியிருக்க மாட்டார்கள். இதற்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பிந்திக் கட்டுகிற முதலாளிக்கு 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் இருக்கிறது. அது தெரிந்தவுடன் பேச்சு மாறும்.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களில் நின்ற மனேச்சர்மார், விற்பனையாளர்களுக்கும் இதே நிதியம்தான்.

மல்லாவி அக்கா:

கார்மெண்ட் பிள்ளையளுக்கு: கலியாணத்தைக் காரணம் காட்டி ஈபிஎஃப் எடுக்க விவாகச் சான்றிதழ் கட்டாயம் வேணும். கோயிலில தாலி கட்டி, பதிவை ‘பிறகு பாப்பம்’ எண்டு விட்டவைக்கு இங்கதான் தடக்குது.

நந்திக்கடல்:

எல்லாரும் படிவத்தைப் பற்றிக் கதைக்கிறியள். படிவம் நிரப்புறது அரை மணித்தியால வேலை. மாதக் கணக்கில இழுக்கிறது பெயர்.

ஒரு அம்மா. பிறப்புப் பதிவில தமிழில ‘சிவபாக்கியம்’, முன்னுக்குத் தகப்பன்ர பெயர். அடையாள அட்டையில ஆங்கிலத்தில நடுவில ‘வி’ எழுத்து. வங்கிப் புத்தகத்தில அதே இடத்தில ‘டபிள்யூ’. பி அட்டையில புருசன்ர முதலெழுத்து. வீட்டில கூப்பிடுறது ‘பாக்கியம்’, வாக்காளர் இடாப்பிலும் ‘பாக்கியம்’. ஐஞ்சு கடதாசியில ஐஞ்சு மனிசி. அலுவலர் கையெழுத்து வைக்கப் பயப்பிடுறதில நியாயம் இருக்கு, பிழையான ஆளுக்குக் குடுத்தால் அவர்தான் கட்டவேணும்.

அதாலை படிவத்துக்கு முன்னம் இதை ஒழுங்குபடுத்துங்கோ. முதல் பிறப்புச் சான்றிதழின்ர புதுப் பிரதி. பதிவுப் புத்தகமே அழிஞ்சுபோச்சு, தேடியும் இல்லை எண்டால், ‘இல்லை’ எண்டதை எழுத்தில வாங்கி, அதை வச்சு அனுமான வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பிறகு சமாதான நீதவானுக்கு முன்னால ஒரு சத்தியக்கடதாசி: “இந்த ஐஞ்சு பெயராலும் குறிப்பிடப்படுபவர் ஒருவரே” எண்டு. ஐஞ்சு பெயரையும் அந்தந்தக் கடதாசியில இருக்கிறபடியே, எழுத்துப் பிழையையும் திருத்தாமல் எழுதவேணும். இதில கனபேர் பிழைவிடுகினம். சரியான எழுத்தில எழுதிட்டால் அது ஆறாவது பெயராப் போயிடும். கடைசியா கிராம அலுவலரின்ர கடிதம், அதில பிரதேச செயலாளரின்ர மேலொப்பம்.

கையெழுத்து இன்னொரு பிரச்சினை. 1985இல வைச்ச கையெழுத்து இப்ப நடுங்கிற கைக்கு வராது. அதைப்போல வைக்கப் பாக்காமல், மாறிப்போச்சு எண்டு முதலே சொல்லிப் புது மாதிரிக் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ குடுக்கிறதுதான் சுகம்.

முறிகண்டி:

கணக்குக்காரர் இல்லையெண்டால்?

நந்திக்கடல்:

இறந்தவர் எண்டால் மரணச் சான்றிதழ். பின்னுரித்தாளி எண்டு ஒருவரைக் கணக்கில எழுதியிருந்தால் வேலை சுருக்கம். இல்லையெண்டால் சின்னத் தொகைக்கு வங்கி தன்ர பிணைப் பத்திரத்தில எல்லா உரித்தாளிகளின்ர கையெழுத்தையும் வாங்கித் தரலாம். பெரிய தொகையெண்டால் மாவட்ட நீதிமன்றத்தில ஆதன வழக்கு (இறந்தவரின்ர சொத்தைப் பங்கிடுற வழக்கு). எங்கட சனத்துக்குத் தேசவழமை (வடக்குத் தமிழரின்ர வழமைச் சட்டம்) பொருந்துறதால தேடியதேட்டத்தில (கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்தில) பாதிதான் வாழ்க்கைத்துணைக்கு, மற்றப் பாதி உரித்தாளிகளுக்கு. “மனிசிதானே, அவவிட்ட குடுங்கோவன்” எண்டு நிக்கிறதில பலனில்லை. வெளிநாட்டில இருக்கிற பிள்ளை இலங்கைத் தூதரகத்தில உறுதிப்படுத்தி அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் செய்யக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) அனுப்பலாம். ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு மாசத்தில அனுப்பினால் முதல் வந்த கடதாசி பழசாயிடும், ஒரே நேரத்தில செய்விக்கிறது நல்லம்.

காணாமற்போனவை விசயம் வேற. இதைக் கவனமாச் சொல்லவேணும். 2010ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டத்தில, ஒரு வருசத்துக்கு மேல காணாமற்போனவருக்கு மரணப் பதிவு செய்ய வழி இருக்கு. 2016இல வந்த திருத்தத்தில, மரணம் எண்டு சொல்லாமல் ஆள் காணக்கிடைக்கேல்லை எண்டு மட்டும் சான்றிதழ் எடுக்கவும் வழி வந்தது. மரணச் சான்றிதழ் எடுத்தால் உரித்தாளிகளுக்குக் காசு வரும் வழி நேர். இரண்டாவது வகை, சொத்தைப் பார்த்துக்கொள்ள உதவுமே தவிர உரிமையை மாத்தாது, கணக்கில கை வைக்க நீதிமன்றக் கட்டளை கேட்பினம். எதை எடுக்கிறது எண்டது அந்தந்தக் குடும்பத்தின்ர முடிவு. காசுக்காக மரணச் சான்றிதழ் எடு எண்டு ஆரும் வந்து அவசரப்படுத்தினால் வாசலோட அனுப்பிவிடுங்கோ.

கண்டாவளை:

கூட்டுறவுச் சங்கக் கிராமிய வங்கியில போட்டதுக்கு நான் மேல சொன்ன வங்கிச் சட்டம் பொருந்தாது. அது கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளரின்ர கீழ. பேரேடு தப்பியிருக்கா எண்டதிலதான் எல்லாம் தங்கியிருக்கு. 1994இல விடுதலைப் புலிகள் தொடங்கின தமிழீழ வைப்பகம் எண்ட வங்கியில அடைவு (அடகு) வைச்ச நகைக்கும் வங்கியளில வழி இல்லை. 2025 மே மாதம் இராணுவம் ஒரு தொகுதி நகையைப் பொலிசிட்டக் குடுத்தது. அடைவுச் சிட்டை வைச்சிருக்கிறவை அதைக் கசங்காமல் வைச்சிருங்கோ.

வவுனியாக் கணக்கு:

தரகர் விடயம் எழுதவேண்டும். “கொழும்பில் ஆள் இருக்கு, பத்து வீதம் தா” என்று வருகிறார்கள். தேடுவதற்கும் படிவத்துக்கும் எந்த அலுவலகமும் வீதக் கணக்கில் காசு கேட்பதில்லை. பிறப்பு, மரணப் பதிவுப் பிரதிகளுக்குச் சிறு கட்டணம், சத்தியக்கடதாசிக்கு முத்திரைச் செலவு, பேருந்துக் காசு, இவ்வளவுதான். அடையாள அட்டைப் பிரதியையும் வெறும் தாளில் கையெழுத்தையும் சேர்த்து ஒருவரிடமும் கொடுக்காதீர்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு கதவு. ஈபிஎஃப், அரச வங்கி போன்றவற்றுக்கு 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் பதில் வரவேண்டும். “என் காசு எங்கே” என்று கேட்டால் சுற்றிவளைத்துப் பதில் வரும். “இந்த முதலாளி எண்ணின் கீழ், இந்த உறுப்பினர் எண்ணுக்கு, இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை வரவு வைத்த தொகை எவ்வளவு” என்று கேளுங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவு, இலக்கம் 1935.

முறிகண்டி:

விண்ணப்பம் குடுத்ததுக்கு அத்தாட்சி ஏதும் தருவினமா?

வவுனியாக் கணக்கு:

கேட்டால்தான் தருவார்கள். இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரச்சொல்லுங்கள். முத்திரை மங்கலாக விழுந்தால் அங்கேயே நின்று திரும்பக் குத்துவியுங்கள், வெளியே வந்தபின் செய்யமாட்டார்கள். வாங்கியவரின் பதவியையும் பக்கத்தில் பேனையால் எழுதிவையுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தக் கதிரையில் வேறு ஒருவர் இருப்பார்.