பேஸ் கிட்டார் எடைக் குறைப்பு, மறுபூச்சு: கைப்பட்ட அனுபவங்கள்

நாலுகம்பி:
எடை குறைக்க பேஸ் பாடியில (உடம்புப் பகுதி) குழி போட்டேன். ஆஷ் மரம், 45 மி.மீ. தடிமன். பிக்கார்டுக்கு (முன்பக்க மூடுதகடு) அடியில 35 மி.மீ. ஃபோர்ஸ்னர் பிட் (தட்டை அடிக் குழி போடுற துளைமுனை), டெப்த் ஸ்டாப் (ஆழ வரம்பு) 41 மி.மீ.-ல. குழிக்குச் சுமார் 26 கிராம். ஒன்பது குழிக்கு 230 கிராமுக்கு மேல குறைஞ்சது. அப்புறம் பின்பக்கம் 120 உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. தேய்க்கத் தேய்க்கப் பக்கத்துல இன்னொண்ணு. பிட்டோட நடுமுனை 3 மி.மீ. கூடுதலா இறங்கும், அது கணக்குலயே வரல. ஸ்டாப் 33-ஐத் தாண்டக் கூடாது. மரம் தெரியுற க்ளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) திட்டம் அதோட போச்சு, மரத்தை மறைக்கிற கெட்டி நிறம்தான்.

அடிநாதம்:
எடுத்ததுமே குழி போடுறது தப்புங்க ப்ரோ. பாடி லேசானா ஹெட்ஸ்டாக் (கழுத்து நுனியில இருக்கிற தலைப்பகுதி) கீழே சாயும். மேல் கொம்புல இருக்கிற ஸ்ட்ராப் பட்டன் (தோள்வார் மாட்டுற குமிழ்) ஏறக்குறைய 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்துல இருக்கிற உலோகப் பட்டி) நேரே. ட்யூனர்கள் (கம்பி முறுக்குற சாவிகள்) அங்கிருந்து அரை மீட்டர் தள்ளி. ட்யூனர் பக்கம் குறையுற ஒவ்வொரு கிராமுக்கும் பலன் அதிகம். முதல்ல லேசான ட்யூனர் மாத்துங்க, போஸ்ட் ஓட்டையின் விட்டத்தை அளந்துட்டு வாங்குங்க. அப்புறமும் கனமா இருந்தா குழி. பிரிட்ஜ் (பாடி மேல கம்பியைத் தாங்குற உலோகப் பகுதி) ஸ்க்ரூ, நெக் பாக்கெட் (கழுத்து உக்காருற பள்ளம்), ஸ்ட்ராப் பட்டன் பக்கம் மட்டும் குழி போடப் போகவே வேண்டாம்.

தேக்குத்தூள்:
நாலுகம்பி சொல்ற புள்ளியாவது கெட்டி நிறத்துல மறைஞ்சிடும். இது மறையாது: கடைசி க்ளியர் கோட், 1000 உப்புத்தாள், தண்ணி விட்டுத் தேய்ப்பு. அரை மணியில ஸ்ட்ராப் பட்டன் ஓட்டையைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு மேடு, மறுநாள் அதுலேயே விரிசல். ஓட்டை வழியா தண்ணி இறங்கி மரம் ஊதிடுச்சு. தேய்க்கும் முன்னாடி எல்லா ஸ்க்ரூ ஓட்டையிலும் மெழுகு அடைக்கணும். தாளை நனைச்சுப் பிழிஞ்சாப் போதும், பாடி மேல தண்ணி ஊத்தக் கூடாது.

பழைய பூச்சைப் பத்தி யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். நெக் பாக்கெட் ஓரத்துல பஞ்சுல அசிட்டோன் தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னா நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்), தின்னரே கரைக்கும். அசையலைன்னா பெரும்பாலும் பாலியெஸ்டரோ பாலியூரித்தேனோ. ஹீட் கன்னும் (சூடான காத்து ஊதுற கருவி) மழுங்கின தகடும்தான் வழி. ஒரே இடத்துல சூட்டை நிறுத்தினா மரம் கருகும், அந்தக் கறை க்ளியருக்கு அடியில அப்படியே தெரியும். கரிம ஆவிக்கான முகமூடி கட்டாயம். ஆஷ் மரம்னா நுண்துளைகளை நிரப்பித் தேய்ச்சுட்டுதான் சீலர் (பெயின்ட்டுக்கு முந்தின அடிப்பூச்சு). நெக் பாக்கெட்டுக்கு டேப் ஒட்டிடுங்க, உள்ளே பெயின்ட் ஏறினா நெக் உக்காராது. பிரிட்ஜுக்கு அடியில கிரவுண்டு வயர் (எர்த் கம்பி) வெறும் மரத்து மேலயோ பெயின்ட் மேலயோ கிடந்தாப் போதாது, பிரிட்ஜ் உலோகத்தைத் தொடணும். இல்லைன்னா ஹம் (ஆம்ப்ல வர்ற இரைச்சல்) நிக்காது.