யாப்புலோகம்: கலப்புலோகத்திலிருந்து பிரித்துக் காட்ட ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். உலோக அணுக்கள் குறித்த விகிதத்தில், ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் அமர்ந்து உருவாகும் ‘intermetallic compound’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘உலோகிடைச் சேர்மம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, அகராதிகளிலும் ஏறிவிட்டது.

ஐயா, ஏறிவிட்டது என்பதற்காக விட்டுவிட எனக்கு மனமில்லை. ‘இடை’ என்றதும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே வேறு ஏதோ இருப்பதாகப் படுகிறது. இங்கே விஷயம் அது இல்லை, எந்த அணு எங்கே உட்கார வேண்டும் என்ற கட்டுதான்.

அணுக் கணக்கில் செம்பு மூன்று பங்கு, தங்கம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 390 டிகிரி செல்சியஸுக்கு மேல் அணுக்கள் இடம் பார்க்காமல் கலந்து கிடக்கும், அது கலப்புலோகம். அதற்குக் கீழே மெதுவாக ஆறவிட்டால், கனசதுரத்தின் மூலைகளில் தங்கமும் முகங்களின் நடுவில் செம்பும் போய் அமர்ந்துவிடும். விகிதம் இம்மியும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. ஆகவே எவை, எத்தனை சேர்ந்தன என்பதை மட்டும் சொல்லும் பெயர் இங்கே பயன்படாது. ‘ஈருலோகச் சேர்மம்’ விழுவதும் இதனால்தான். மூன்று உலோகம் சேர்ந்தவையும் உண்டே!

என் பரிந்துரை: யாப்புலோகம்.

யாத்தல் என்றால் கட்டுதல். உடம்புக்கு யாக்கை என்று பெயர் வந்ததும் அந்த வேரில்தான். வெண்பாவில் எந்தச் சீரும் எங்கு வேண்டுமானாலும் நிற்க முடியாது, தளை தட்டும். இங்கே அணுவுக்கும் அதே நிலைமை. கலப்புலோகம், யாப்புலோகம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வேறுபாடு காதிலேயே விழும்.

> யாப்பு என்றால் செய்யுள் நினைவுதானே வரும்?

வரட்டும், அது உதவிதான். இலங்கையில் அரசியல் யாப்பு என்கிறார்கள், யாரும் குழம்பவில்லை.

வினையூக்கித் துறையில் இந்தக் கட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் தனி நிக்கல் மேல் செலுத்தினால் பெரும்பாலும் மீத்தேனில் போய் நிற்கும். ஐந்து நிக்கலுக்கு மூன்று கேலியம் என்று யாத்த வினையூக்கியில், சாதாரண அழுத்தத்திலேயே மெத்தனால் கிடைத்ததாக 2014இல் ஸ்டான்ஃபோர்டு, டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆலைகளில் வழக்கமான செம்பு-துத்தநாக வினையூக்கிக்கு 50 முதல் 100 பார் வரை (ஒரு பார் என்பது ஏறத்தாழ சாதாரணக் காற்றழுத்தம்) அழுத்தம் கொடுக்கிறார்கள்.

கரும்புச் சக்கையிலிருந்து எடுக்கும் ஃபர்ஃபுரால் என்ற சேர்மத்திலும் இதே கதை. அதன் மூலக்கூறில் ஓர் அணு வளையமும், அதில் ஒட்டிய ஆல்டிஹைடு என்ற முனையும் உண்டு. தனி நிக்கல் வளையத்தையும் விட்டுவைக்காமல் ஹைட்ரஜன் ஏற்றிவிடும். வெள்ளீயத்தோடு யாத்தால் வளையத்தைத் தொடாமல் ஆல்டிஹைடு முனையை மட்டும் மாற்றி ஃபர்ஃபுரைல் ஆல்கஹால் தரும்; வார்ப்பு ஆலைகளில் மணல் அச்சைக் கெட்டிப்படுத்தும் பிசினுக்கு அதுதான் மூலப்பொருள். நிக்கல் அணுக்கள் கும்பலாக நிற்காமல், இடையிடையே வேற்றணு வந்து பிரித்து வைப்பதும், அந்த அணு தன் எலெக்ட்ரான்களால் நிக்கலின் குணத்தை மாற்றுவதும் காரணம்.

சரி, ‘intermetallic nanocatalyst’ என்பதற்கு முழுத்தொடர்: யாப்புலோக நானோ வினையூக்கி. ‘மீநுண்’ வேண்டாம், நானோ எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. இலங்கை நண்பர்களுக்கு வழக்கப்படி ‘ஊக்கி’. மேலே சொன்ன 390 டிகிரி போன்ற எல்லைக்கு ‘யாப்பு வெப்பநிலை’ என்று வைக்கலாம்.

அப்புறம், இடம் மாறி உட்கார்ந்த அணுவுக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘தளைவழு’ பொருந்துமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.