மார்ஃபினும் "மருந்து கொடுத்து அனுப்பிட்டாங்க" பேச்சும்

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): தோட்டத்துல புற்றுநோய்க்காரருக்கு மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து) கொடுத்த மறுநாள் உயிர் போனா, "மருந்து கொடுத்து அனுப்பிட்டாங்க"ன்னு பேசுறாங்க. இது கொலையா, நிவாரணமா? தத்துவம் என்ன சொல்லுது?

பதில் 1: இடைக்காலக் கிறிஸ்தவ தத்துவஞானி தாமஸ் அக்வைனாஸ் தற்காப்பைப் பற்றி எழுதினதிலிருந்து வளர்ந்த 'இரட்டை விளைவு' கொள்கையைப் பாருங்க. ஒரே செயலுக்கு நல்ல விளைவும் கெட்ட விளைவும் இருந்தா, அதை எப்ப செய்யலாம்னு அது சொல்லுது. செயல் தன்னளவில் தப்பா இருக்கக்கூடாது, நோக்கம் வலி குறைப்பதாகணும், மரணம் அதற்கு வழியா இருக்கக்கூடாது, பலன் ஆபத்துக்கு ஈடாகணும். எளிய சோதனை: வலி குறைஞ்சு ஆளும் பிழைச்சிருந்தா, மருத்துவர் தோத்தாரா? இல்லைன்னா நோக்கம் கொலை இல்ல. நோக்கம் அளவுலயும் தெரியும்: நாளுக்கு 60 மி.கி. என்றால் இடையில் வலி வந்தா கூடுதலா ஆறில் ஒன்று, அதாவது 10 மி.கி. கொடுப்பாங்க. காரணமே எழுதாம திடீர்னு பல மடங்கு ஏத்தினா கேள்வி கேக்கலாம்.

பதில் 2: அண்ணே, அந்தக் கொள்கை பாதி நேரம் தேவையே இல்ல. வலிக்கேத்தபடி ஏத்தின மார்ஃபின் ஆயுளைக் குறைக்கிறது அபூர்வம். மூச்சு மந்தமாகுமுன்ன தூக்கக்கலக்கம் வரும். சிக்கல் சிறுநீரகத்துல. இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறவங்களுக்கு அது கெட்டிருந்தா மார்ஃபினோட கழிவு உடம்புல தேங்கி கைகால் வெட்டி இழுக்கும். அப்ப அளவைக் குறைக்கணும், இல்லாட்டி மருந்தையே மாத்தணும். மார்ஃபின் மலச்சிக்கல் கொடுக்கும், அதுக்கான மருந்தை முதல் நாளே தொடங்கணும்.

பதில் 3: பேச்சையும் கவனிங்க. மொழியை ஆராய்ஞ்ச ஆங்கிலேய தத்துவஞானி ஜே. எல். ஆஸ்டின் 1956-ல 'தவறுதலா', 'தற்செயலா' இரண்டும் வேறன்னு பிரிச்சுக் காட்டினார். "மருந்தால போனாரு", "மருந்து குடிச்சிட்டிருந்தப்ப போனாரு", இதுவும் அப்படித்தான்: முதல்லது காரணம் சொல்லுது, ரெண்டாவது நேரத்தை மட்டும் சொல்லுது. வாதம் வேணாம், "கடைசி வேளை எப்போ, எத்தனை மில்லி?"னு கேளுங்க. மில்லிகிராமையும் (மருந்தோட எடை) மில்லியையும் (திரவ அளவு) குழப்பிக்கிறதுதான் வீட்டுல நடக்குற நிஜத் தப்பு.