நிதிப் பயிற்சியின் பயனை எப்படி அளப்பது?

கேள்வி: எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கு இரண்டு நாள் வரவு செலவுப் பயிற்சி நடத்தினோம். கருத்துப் படிவத்தில் எல்லோருமே 'மிக நன்று' என்று குறித்திருப்பதால், உண்மையில் என்ன கற்றார்கள் என்பது தெரியவில்லை. எப்படி அறிவது?

பதில் 1: ஐயா, அந்தப் படிவத்தில் உங்கள் மீதுள்ள மரியாதைதான் தெரியும். ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மையர் என்ற ஆய்வாளர்கள் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பணத்தைக் கையாளும் விதத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 0.1 விழுக்காட்டையே நிதிக் கல்வி விளக்குகிறது என்றும், கற்றது மாதங்கள் செல்லச்செல்லத் தேய்கிறது என்றும் காட்டியது. ஆகவே ஆறு மாதம் கழித்து மீண்டும் சந்தியுங்கள்.

பதில் 2: சந்திக்கும்போது ஒரு கணக்குக் கொடுங்கள். 10,000 ரூபாயை 12 விழுக்காடு வட்டிக்கு ஓராண்டுக் கடனாக வாங்கினால், முழு அசலுக்கும் வட்டி போடுபவரிடம் மாதத் தவணை 933 ரூபாய். குறையும் அசலுக்குப் போடுபவரிடம் 888 ரூபாய். இந்த வேறுபாட்டைக் கடன் வாங்கும் முன்பே கேட்டறிந்தவர் எத்தனை பேர் என்பதையே நான் எண்ணுவேன்.

கேள்வி கேட்டவர்: நன்றி. அடுத்த கூட்டத்துக்குக் கடன் தவணைகளைக் குறிக்கும் அட்டையையும் வங்கிப் பாஸ்புக்கையும் கொண்டுவரச் சொல்கிறேன்.