வெளிநாட்டுக்குப் போய் ஆடினால் ஹாக்கி அணிக்கு உண்மையில் லாபமா? கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்

செந்தூல் ஸ்டிக்:
கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் ஹாக்கி மைதானம், மாலை நாலரை வெயில், இரண்டாவது குவார்ட்டர் முடியப் போகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த லீக் அணிக்குப் பெனால்ட்டி கார்னர்: ஒருவர் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ள, வட்டத்தின் விளிம்பில் நிற்பவர்கள் அதை நிறுத்திக் கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு. தள்ளியவர் சரியாகத்தான் தள்ளினார். ஆனால் பந்து வட்டத்தின் விளிம்புக்குப் போகிற வழியிலேயே இரண்டு தடவை குதித்து, அதை நிறுத்தவேண்டிய ஸ்டாப்பரின் மட்டைமேல் ஏறிவிட்டது. அவர் அதை அடக்குவதற்குள் எதிரணியின் முதல் ஓட்டக்காரர் பந்துக்கு வந்துவிட்டார். அன்று கிடைத்த கார்னர் அத்தனையும் இப்படியே போனது. ட்ராக் ஃபிளிக்கில் (பந்தை மட்டையோடு இழுத்து வீசுவது) பெயர் எடுத்த ஆள் அணியில் இருந்தும் பயனில்லை.

காரணம் தண்ணீர். ஆட்டத்துக்கு முன் ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை டர்ஃபை, அதாவது செயற்கைப் புல்தரையை, நனைப்பார்கள். அவர்கள் ஊர்க் குளிரில் அந்த ஈரம் அரை ஆட்டம் வரை தாங்கும். நம் வெயிலில் இரண்டாவது குவார்ட்டரிலேயே காய ஆரம்பித்துவிடும். காய்ந்த டர்ஃபில் பந்து வழுக்காது, துள்ளும். ஃபிளிக் இழுக்கும்போது மட்டையை விட்டு முன்னாலேயே கழன்றுவிடும். ஆட்டத்துக்கு முன் அவர்கள் செய்த ஒரே பயிற்சி இரவில், ஈரம் நிற்கிற நேரத்தில். காய்ந்த டர்ஃபை அந்த ஃபிளிக்கர் முதலில் பார்த்ததே ஆட்டத்தில்தான். வந்து இறங்கி, ஆடி, கிளம்பிவிட்டார்கள். நிர்வாகத்துக்குப் பணம் வந்திருக்கும். அணி என்ன கற்றுக்கொண்டு போனது?

டாமன்சாரா பனித்தளம்:
ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள் அண்ணே. ஐஸ் ஹாக்கியைப் பாருங்கள். வட அமெரிக்க லீக்கான என்ஹெச்எல்லின் அணிகள் சீசன் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குப் போன வரிசை இது: பிட்ஸ்பர்க் 2008இல் ஸ்டாக்ஹோம், சிகாகோ 2009இல் ஹெல்சிங்கி, பாஸ்டன் 2010இல் பிராக், லாஸ் ஏஞ்சலிஸ் 2011இல் ஸ்டாக்ஹோமும் பெர்லினும். நான்கு அணிகளும் அந்தந்த சீசனிலேயே அந்த லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றன.

என் மனதில் நிற்பது பிராக். முதல் ஆட்டத்தில் டூக்கா ராஸ்க் கோலில் நின்றார், பாஸ்டன் 5-2 என்று ஃபீனிக்ஸிடம் தோற்றது. மறுநாளே அடுத்த ஆட்டம் என்பதால் கோல்கீப்பரை மாற்றினார்கள். டிம் தாமஸ் வந்தார், ஒரு கோலும் விடவில்லை, 3-0. அந்த இடத்தை அவர் பிறகு விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்த சீசனின் சிறந்த கோல்கீப்பர், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் இரண்டு விருதும் அவருக்குத்தான். அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆட்டம் என்ற பயண அட்டவணைதான் அந்த வாசலைத் திறந்தது.

பிரை பயிற்றுநர்:
தம்பி, கோப்பை வென்றவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள். அந்த நான்கு வருடத்தில் 4, 4, 6, 4 என்று மொத்தம் 18 அணிகள் போயின. பிட்ஸ்பர்க் போன அதே 2008இல், பிராக்கில் தம்பா பே இரண்டு ஆட்டத்தையும் 2-1 என்று தோற்றது. 16 ஆட்டம் முடிந்ததுமே பயிற்றுநர் பாரி மெல்ரோஸ் வேலையை இழந்தார். 2022இல் பிராக் போன சான் ஹோசே அங்கே இரண்டும் தோற்று, ஊர் திரும்பியும் தோற்று, முதல் ஐந்து ஆட்டத்திலும் தோல்வி. பிட்ஸ்பர்க் ஸ்டாக்ஹோம் போவதற்கு முந்தைய ஜூனிலேயே இறுதியாட்டம் வரை வந்த அணி. பயணம் பலமான அணியை உருவாக்குவதில்லை. அணியில் இருக்கிற ஓட்டையைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். அதுவே லாபம்தான், திரும்பி வந்து சரிசெய்ய நாள் இருந்தால்.

நம் ஹாக்கியில் நாள் கணக்குதான் எல்லாம். ஐரோப்பிய வெயில்காலத்தில் நெதர்லாந்துக்கும் நமக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். உடல் ஒரு மணி நேரத்தைச் சரிசெய்ய ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும், கிழக்கு நோக்கி வந்தால் இன்னும் கஷ்டம். வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள். பெரிய மாற்றம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். 2025 ஜூனில் நியூசிலாந்து தன் குளிர்காலத்திலிருந்து இங்கே வந்து, நேஷன்ஸ் கப் இறுதியில் பாகிஸ்தானை 6-2 என்று அடித்தது. அது ஒரே இடத்தில் தங்கி வரிசையாக ஆடுகிற போட்டி, உடல் பழக இடம் இருந்தது. இரண்டு ஆட்டத்துக்குப் பறந்து வருகிற அணிக்கு அந்த இடமே கிடையாது.

வந்தே ஆகவேண்டும் என்றால், பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரையும் எடை போடுங்கள். 75 கிலோ ஆள் 1.5 கிலோ குறைந்தால் 2 சதவீதம். அதற்கு மேல் போனால் ஓட்டமும் முடிவெடுப்பதும் குறையும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், உப்புச் சத்தோடு, அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் தண்ணீர் போதாது. முன்கள ஆட்களை ஊரில் ஏழு எட்டு நிமிடம் விடுகிறீர்கள் என்றால் இங்கே நாலைந்து நிமிடத்தில் மாற்றுங்கள்.

கெலுகோர் கீப்பர்:
கோல்கீப்பரை யாரும் மாற்றுவதில்லை, 60 நிமிடமும் அவர் அந்தக் கவசத்துக்குள் வேகிறார். சுற்றுப்பயணம் வந்த ஒரு அணியின் கீப்பர் காலால் தட்டிய பந்துகள் வெளியே போகாமல் ஆறேழு மீட்டரிலேயே செத்து விழுந்தன. இரண்டு கோல் அப்படி. பை முழுவதும் மத்தியானம் பேருந்தின் அடிப்பெட்டியில் கிடந்திருக்கிறது. சூட்டில் ஃபோம் இளகும். இளகினால் பந்து திருப்பி எறியப்படாது. பையைக் குளிர்ந்த அறையில் வையுங்கள், ஆட்டத்துக்கு முன்தான் வெளியே எடுக்க வேண்டும்.

விமானத்தில் ஹெல்மெட்டையும் கிக்கரையும் (பாதத்தின்மேல் கட்டும் கவசம்) கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், எடை வரம்பை முன்கூட்டியே கேட்டுவிட்டு. பை தாமதமானால் கால் பேட் கடன் வாங்கலாம், பழக்கமில்லாத கிக்கரில் பந்தின் திசை தப்பும். நம் ஈரக் காற்றில் நனைந்த கையுறை ஒரே இரவில் காயாது. உள்ளுறை இரண்டு ஜோடி வேண்டும். மின்விசிறி முன்னால் பிரித்துத் தொங்கவிடுங்கள்; வெயிலில் போட்டால் ஃபோம் வளையும், ஒட்டுப்பசை விடும்.

செந்தூல் ஸ்டிக்:
கீப்பர் அண்ணே சொன்னதும் சேர்ந்துதான். டர்ஃபுக்கு வருகிறேன். எத்தனை மணிக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். ஆட்ட நேரத்திலேயே ஒரு பயிற்சி வாங்கி, நனைத்து இருபது, முப்பது நிமிடம் கழித்துக் கார்னரை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். பந்து துள்ளினால் ஸ்டாப்பர் மட்டையை இன்னும் படுக்க வைக்கட்டும். ஃபிளிக் வரவில்லை என்றால் நேர் அடிக்குப் போகலாம், ஆனால் முதல் அடி கோல் கோட்டைத் தாண்டும்போது கோலின் அடியில் இருக்கிற 46 சென்டிமீட்டர் உயரப் பலகைக்கு மேலே போனால் கோல் கிடையாது. காய்ந்த டர்ஃபில் பந்து எழும்பும் என்பதால் அடிப்பவர் பந்தின்மேல் நன்றாகக் குனிந்து அடிக்கவேண்டும்.